விட்டுப்போன வாரம்

ஃபெஞ்சல் புயல் கரை கடந்து பத்து நாள் ஆகியிருக்கும். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. வானூரில் எங்கள் பழைய வீட்டு ஓடு ஒழுகி, பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. உள்ளே இருந்த புத்தகங்களை எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். மூன்று நாள் நல்ல வெயில் அடித்தது. நான்காம் நாள் அடுக்கி வைக்கப் போனபோது ஒரு புத்தகத்தின் முதுகில் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சை என்று விரலால் தேய்த்தேன். நறநறவென்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

அந்தப் புத்தகம் முப்பது வருஷத்துக்கு முன்பு மரக்காணம் உப்பளத்தில் ஒரு கோடை முழுக்க இருந்தது. அங்கே ஏறிய உப்பு இத்தனை காலமும் தையலுக்குள்ளேயே கிடந்து, மழை ஈரத்தில் கரைந்து, வெயில் பட்டதும் மறுபடி பூத்திருக்கிறது. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அடுக்குகிற வேலை அன்றைக்கு நடக்கவில்லை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. கடையில் வாங்கிய புத்தகம் இல்லை, பைண்டு. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கங்களை உருவிச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டி, காக்கி அட்டை போட்டது. அந்த நாளில் ஒரு தொடர்கதை முடிந்தால் ஊரில் நாலு வீட்டிலாவது இந்த வேலை நடக்கும். கதைக்கு நடுவே பாதி ஜோக், பாதிச் சமையல் குறிப்பு, எவரோ ஒரு நடிகரின் அரை முகம் என்று எல்லாம் சேர்ந்து வரும். ஓவியத்தை வெட்டாமல் தைப்பதில்தான் பைண்டு போடுபவரின் கெட்டிக்காரத்தனம் இருந்தது.

இதைத் தைத்தவர் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருந்த டைலர் அண்ணன். கடையில் துணிக்கு ஒரு அலமாரி, புத்தகத்துக்கு இரண்டு அலமாரி. காசு வாங்க மாட்டார். ஆனால் நாம் கேட்கிற புத்தகத்தையும் கொடுக்க மாட்டார். முதலில் கேள்வி கேட்பார். “ராத்திரி எத்தினி மணிக்குப் படுப்பே?” “விளக்கு வெளிச்சம் எப்படி?” கடைசியாக, “போன புத்தகத்துல எந்த எடத்துல நிறுத்தினே?” இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார். முடித்த புத்தகத்தைப் பற்றி எல்லாரும் நல்லது சொல்லிவிடுவார்கள், பாதியில் வைத்த இடம்தான் ஆளைக் காட்டும் என்பது அவர் கணக்கு. “அளவு எடுக்காம துணிய வெட்டலாமா தம்பி?”

திருவக்கரைப் பக்கம் கல் லோடு அடிக்கும் லாரி டிரைவருக்குச் சாண்டில்யன். சத்துணவுக் கூடத்து டீச்சருக்கு லக்ஷ்மி. போஸ்ட்மேனுக்கு மட்டும் ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கொடுத்துவிடுவார், ஒவ்வொன்றாகக் கொடுத்தால் அடுத்த பாகம் கிடைக்கும்வரை ஊருக்குத் தபால் ஒழுங்காக வராது என்பார்.

நான் ஒரு சரித்திர நாவலை யானைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் மூடிவிட்டதாகச் சொன்னேன். அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்தார். “உனக்குச் சண்டை வாணாம். யோசிக்கிற கதைதான் வேணும்” என்று இந்த பைண்டை எடுத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் நான் போன ஊரிலிருந்து இன்னும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கதை நடப்பது 2020-களின் இந்தியாவில். ஜீவா என்ற ஒருவனின் ஆட்சி. பெயர்கள் எல்லாம் இரண்டெழுத்தாகச் சுருங்கிவிட்டன. பிள்ளை பெற அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணின் வீட்டுக்கு ஓர் இயந்திர நாய் வருகிறது, ஜீனோ. அது புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்க யோசிக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஒரு பொம்மை நாய் படித்தே மனுஷனுக்குச் சமமாகும் கதை அந்த வீட்டுப் பையனுக்கு என்ன செய்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த பைண்டில் நடுவே ஒரு வாரம் கிடையாது. அந்த வார விகடனை டீக்கடையில் எவரோ பஜ்ஜி மடிக்கக் கிழித்துவிட்டார்களாம். அந்த இடத்தில் அண்ணன் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, ‘இந்த வாரத்தைக் கடையில் வந்து கேட்டுக்கொள்ளவும்’ என்று எழுதியிருந்தார். போய்க் கேட்டேன். காஜா எடுத்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்ன வாரத்தில் ஜீனோ போலீசிடமிருந்து தப்பி, திண்டிவனம் ரோட்டைப் பிடித்து, மரக்காணம் உப்பளத்துக்குள் இறங்கி, பாத்தி வரப்பின் மேல் நிலா வெளிச்சத்தில் ஓடியது. “உப்புப் பட்டா துரு பிடிக்காதாண்ணா?” என்று கேட்டேன். “அதுக்குத்தான் உங்க பெரிப்பா பம்புசெட்டாண்ட நிக்கவெச்சு நல்ல தண்ணி ஊத்திக் கழுவி வுட்டாரு” என்றார். நான் நம்பினேன்.

பிறகுதான் தெரிந்தது, கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் அவர் ஒவ்வொரு வாரம் சொல்லியிருக்கிறார். லாரி டிரைவர் கேட்ட வாரத்தில் ஜீனோ லாரி ஏறியதாம்.

பெரியப்பா மரக்காணத்தில் ஒரு உப்பளத்துக்கு மேஸ்திரி. தை பிறந்து, மழையில் கரைந்த வரப்பையெல்லாம் கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தினால், மாசியிலிருந்து உப்பு விளையும். முழுப்பரீட்சை முடிந்ததும் என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்க்கக் கண் ஒப்பாது. எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து படிப்பேன்.

அங்கே உப்பு வாரிய ஓர் அக்கா எட்டாவது வரை படித்தவர். தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு வருஷம், எனக்கும் ஆளை அளக்கத் தெரியும் என்ற நினைப்பில், ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூத்துக்குடி அளங்களுக்கே போய், தொழிலாளர்களோடு பழகி அவர் எழுதி, 1979-ல் வெளிவந்த நாவல். உப்பளத்து மனுஷிக்கு உப்பளத்து நாவல். இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கும்?

நாலே நாளில் திருப்பிக் கொடுத்தார். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. கை வெடிக்கிறது, கண்ணு கூசுறது, கூலி பிடிக்கிறது, ஒண்ணு வுடாம எழுதியிருக்காங்க. அந்தம்மா எங்ககூட இருந்து பாத்த மாதிரி கீது. ஆனா பகலெல்லாம் பாத்ததையே ராவுலயும் பாக்கணுமா? எனக்கு வேற ஊரு ஒண்ணு குடு.”

வேற ஊரு. எந்தப் பேராசிரியரும் எனக்கு விஞ்ஞானப் புனைகதையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. ஜீனோவைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க அது என் கைக்கு வரவே இல்லை. ஈரக் கையால் புரட்டி, சோற்றுக் கூடையில் வைத்து, வரப்பில் உட்கார்ந்து மற்ற பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். முதல் வெற்றுத் தாளில் படித்தவர்கள் கையெழுத்துப் போடுவது அண்ணன் வைத்த வழக்கம். பதினேழு கையெழுத்துகளுக்குக் கீழே ஊதா மையில் இரண்டு கைநாட்டு இருக்கிறது. அவை கேட்டவர்களுடையவை. அடுத்த வருஷம் ‘கரிப்பு மணிகள்’ எங்கே என்று அந்த அக்காவே கேட்டு வாங்கி முழுதும் படித்தார். வேறு ஊருக்குப் போய்விட்டு வந்தபின் சொந்த ஊரைப் பார்க்க அவருக்குத் தெம்பு வந்திருந்தது என்று நினைக்கிறேன்.

கல்லூரிக்குப் புதுச்சேரி போனதும் எனக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் அறிமுகமாயின. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில், பழைய செருப்புக்கும் பித்தளைக் குழாய்க்கும் நடுவே, வெள்ளைக்காரர்கள் படித்துப் போட்ட பேப்பர்பேக்குகள் குவிந்து கிடக்கும். பிரெஞ்சில் ழூல் வெர்ன் கிடைக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தாத்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், அங்கேயே நின்று ஒரு விஷயம் சொன்னார். கடலடிக் கப்பலின் கேப்டன் நெமோ யார் தெரியுமா? அவன் ஒரு இந்தியன். 1875-ல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் வெர்ன் அதை வெளியிடுகிறார்: புந்தேல்கண்டின் இளவரசன் டக்கார், வெள்ளையரை எதிர்த்துத் தோற்றுக் கடலுக்குள் போனவன். அதற்கு முந்தைய நாவலிலேயே இலங்கைக் கடலில் ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுகிறான். “நம்ம பக்கத்துக் கடல்லப்பா!” என்று என் தோளைத் தட்டினார். இன்றும் மீனவ வீட்டுப் பிள்ளை எவராவது என்ன படிக்கலாம் என்று கேட்டால் நான் தொடங்குவது முத்துக்குளிப்பவனைச் சொல்லித்தான்.

அந்தக் குவியலில்தான் ஜே. ஜி. பல்லார்டின் ‘தி டிரௌட்’ கிடைத்தது, 1960-களின் நாவல். தொழிற்சாலைக் கழிவு கடல்மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. நீர் ஆவியாவதில்லை, மழை நின்றுபோகிறது. ஜனங்கள் கடற்கரைக்கு ஓடி வந்து, உப்புவெளியில் குடிசை போட்டு, கடல்நீரைத் துடுப்புகளால் குட்டைகளாகத் தள்ளித் தள்ளி ஓட்டிப்போய்க் காய்ச்சி வடித்துக் குடிக்கிறார்கள். படித்த வாரமே மரக்காணத்துக்கு பஸ் ஏறினேன். பெரியப்பாவுக்குக் கதையைச் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “கடல்மேல ஆடை கட்டினா மழையும் இல்ல, உப்பும் இல்ல. அத சரியாப் புடிச்சிட்டாரு. ஆனா தண்ணிய அப்படி ஓட்டிகினு போவ முடியாது. பாதி தூரத்துல மண்ணு குடிச்சிரும். தரைய மிதிச்சுக் கெட்டி பண்ணணும். அந்தாளு உப்பளத்துல ஒரு நாள் நின்னிருந்தா எழுதியிருப்பாரு.”

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய் தண்ணீரின் உப்படர்த்தியை டிகிரியில் பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம். பாத்தி மாற்றி மாற்றி வெயில் குடிக்கக் குடிக்க ஏறும். 25-ல் உப்பு விழும். 29-ஐத் தாண்டினால் கசப்புத் தண்ணீர், வெளியே விட்டுவிட வேண்டும். முற்றிய பாத்திகள் ரோஜா நிறத்தில் கிடந்தன. அத்தனை உப்பிலும் உயிர் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அதன் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு கிரகத்தை வர்ணிக்கும் எத்தனையோ நாவல்களைப் பிறகு படித்தேன். எல்லாவற்றிலும் என் மனம் கட்டிக்கொண்ட நிலம் அந்த மாலைதான்.

அதே கொட்டகையில் அந்த அக்காவுக்கு ‘சுல்தானாவின் கனவு’ கதையைத் தமிழில் சொன்னேன். வங்காளத்து ரொக்கையா 1905-ல் எழுதியது. முதலில் அச்சானது நம் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். பெண்கள் ஆளும் நாடு அது. ஆண்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைப் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நேரே தண்ணீர் இறக்குகிறார்கள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உழைத்தால் போதும். அக்கா பலகையை ஊன்றி நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “சூரியனைப் பிடிக்கிறது சரி. அந்த ஊர்ல உப்பு யாரு வாருவாங்க?” என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரே சொன்னார், “ஆம்பளைங்க வாரட்டும். நாங்க நிழல்ல குந்திகினு டிகிரி பாக்குறோம்.” சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நூறு வருஷமாக அந்தக் கதைக்கு எழுதப்பட்ட விமர்சனங்களில் இந்தக் கேள்வி எங்காவது வந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாரும் இப்படி வசப்பட்டுவிடவில்லை. என் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் சங்கப் பாட்டில் தோய்ந்தவர். உமணர்கள் உப்பு வண்டி ஓட்டிய பாதையையும், சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். விஞ்ஞானக் கதை என்றால் மட்டும் “பொய்யிலே பெரிய பொய்” என்று கையை உதறிவிடுவார். ஹெச். ஜி. வெல்ஸின் ‘கால இயந்திர’த்தை மூன்று முறை எடுத்துப்போய் மூன்று முறையும் திருப்பிக் கொண்டு வந்தேன். நான்காம் முறை புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு, அவரை சைக்கிள் பின்னால் உட்கார வைத்துத் திருவக்கரைக்கு அழைத்துப் போனேன்.

வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு அவர் எத்தனையோ முறை போனவர். பக்கத்திலேயே கிடக்கும் கல்மரங்களை ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள். ஏதோ ஒரு பெருவெள்ளம் வேரும் கிளையும் போக முறித்து இழுத்து வந்து மணலில் புதைத்துவிட, மரத்தின் அணுக்கள் இருந்த இடத்தில் மெல்ல மெல்லக் கல் குடியேறியிருக்கிறது. 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். 1940-லிருந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காக்கிறது. வளையம், முடிச்சு எல்லாம் அப்படியே தெரியும். புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் அதில் உண்டு என்றேன். ஐயா வேட்டியை மடித்துக் குந்தி, ஒரு தண்டைத் தட்டிப் பார்த்தார். மணிச் சத்தம் கேட்டது.

“ஐயா, வெல்ஸின் ஆள் 8,02,701-ஆம் வருஷத்துக்குப் போகிறான். இந்தப் புளியமரம் நகராமலே அதைப்போல இருபத்தைந்து மடங்கு காலம் கடந்து வந்திருக்கிறது.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கிளியனூர் தாண்டியதும், “அந்தப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்.

சிபாரிசு செய்வதே ஒரு இலக்கியத் தொண்டு என்று வாழ்ந்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். க.நா.சு. தன் நூலுக்கு வைத்த பெயரே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பதுதான். எதிரே உட்கார்ந்து கேட்பது போன்ற தலைப்பு. சுஜாதா கணையாழியின் கடைசிப் பக்கத்திலும் பிறகு விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும் நல்ல கவிதையையோ நாவலையோ கண்டால் ஓடிவந்து சொல்வதைப் போலச் சொல்வார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே அத்தனையும் படித்தார். அவர் பேரைச் சொல்லித்தான் ஆர்தர் கிளார்க்கை நான் வாங்கினேன். ‘சொர்க்கத்தின் ஊற்றுகள்’ என்று தமிழில் சொல்லக்கூடிய நாவலில் கிளார்க் தப்ரபேன் தீவிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிப்ட் கட்டுவார். தான் வாழ்ந்த இலங்கையையே கொஞ்சம் நகர்த்திப் படைத்த தீவு.

2008-ல் சுஜாதா போனது பிப்ரவரி 27. சரியாக இருபத்தொரு நாள் கழித்து, மார்ச் 19-ல் கொழும்பில் கிளார்க் போனார். இரண்டாவது செய்தி வந்த அன்று டைலர் அண்ணன் கடைக்குப் போனேன். ரெடிமேட் வந்து தையல் படுத்துவிட்ட காலம் அது. பேண்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. தினசரியிலிருந்து கத்தரித்த சுஜாதா படம் மிஷினுக்கு மேலே ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிளார்க் படத்தை ஒட்ட இடம் விட்டு, பேப்பரைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் பேசிகினே போவட்டும்” என்றார். அன்றைக்குத்தான் அந்த பைண்டை எனக்கே கொடுத்தார். கையெழுத்துப் போட இன்னும் இடம் இருக்கிறது, யாருக்காவது கொடுத்துக்கொண்டே இரு என்றார். அவர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள்.

தம்பி மகள் புதுச்சேரியில் கல்லூரிக்குப் போகிறாள். திண்ணையில் நான் பைண்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இன்னா பெரிப்பா, எனக்கு எதுனா படிக்கச் சொல்லு” என்றாள். ஜெயமோகனின் ‘விசும்பு’ கதைகளைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. கணக்கில் ஆர்வமுள்ள பெண், சுதாகர் கஸ்தூரியின் ‘6174’ அவளை இழுத்துக்கொள்ளும் என்றும் தோன்றியது. ஆனாலும் முதலில் கேட்டேன், “போன புத்தகத்துல எந்த எடத்துல நிறுத்தினே?” ஒரு இங்கிலீஷ் நாவலைச் சொன்னாள். இயந்திரங்களெல்லாம் மனிதர்களைக் கொல்லத் தொடங்கும் இடத்தில் மூடிவிட்டாளாம். “அதுங்க ஏன் பெரிப்பா எப்பவும் கெட்டதாவே இருக்கணும்?”

பைண்டைத் தட்டிக் கொடுத்தேன். கதை நடக்கும் ஆண்டுகளுக்கே நாம் வந்து சேர்ந்துவிட்டோம், பார், இது 1980-களில் எழுதியது என்றேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி, மின்சாரம் போயிருந்த நேரம், போன் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பிரித்துக்கொண்டு வந்தாள். “கடைல வந்து கேட்டுக்கணும்னு எழுதியிருக்குது. எந்தக் கடை?”

அச்சுப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. வாங்கிய அன்றே அந்த வாரத்தைத் தேடிப் படித்தேன். அதில் திண்டிவனம் ரோடு இல்லை, உப்பளம் இல்லை. கை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பிவிட்டது. அவளைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன்.

“போலீஸ் தொரத்துது. ஜீனோ நேரா மரக்காணம் உப்பளத்துல எறங்கிடுச்சி. பௌர்ணமி. பாத்தியெல்லாம் வெள்ள வெளேர்னு கெடக்குது…”

“உப்புப் பட்டா சர்க்யூட் போயிடாதா பெரிப்பா?”

“போவும். அங்க ஒரு அக்கா உப்பு வாரிகிட்டிருந்தாங்க. பலகைய அப்படியே கீழ வெச்சிட்டு, குடிக்க வெச்சிருந்த நல்ல தண்ணிய எடுத்துகினு ஓடியாந்தாங்க…”